செம்பனைத் தோட்டத்தில் 38 மீட்டர் மரம் எப்படி வந்தது?

ஜொகூரில் காட்டை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மறுநடவு செய்து நான்கு ஆண்டுகளே ஆன இளம் பனைகள். தரையில் நின்றபடியே குலையைத் தொட்டுவிடலாம். ஆனால், விண்வெளியிலிருந்து அளந்த தரவு அட்டவணையில் அந்தத் தோட்டத்தின் எல்லைக்குள் ஓரிடத்தில் "மர உயரம் 38 மீட்டர்" என்று பதிவாகியிருக்கிறது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உயரம்!

லேசர் கருவி தவறாக அளந்துவிட்டதா? இல்லை. தோட்டத்துக்குள் அப்படி ஒரு மரம் நிற்கிறதா? அதுவும் இல்லை. கருவி 38 மீட்டர் மரத்தைச் சரியாகத்தான் அளந்தது. அந்த மரம் எல்லைக்கு அப்பால், காட்டுக்குள் நிற்கிறது. உயரம் சரி, முகவரிதான் தவறு.

இதற்கு 'இடப்பிழை' என்று பெயர். இந்தப் பிழை எப்படி வருகிறது, எங்கே ஆபத்தாகிறது, அதைக் களைய அறிவியலாளர்கள் என்ன செய்கிறார்கள், களையும்போது வேறு எந்தத் தவறு நுழையக்கூடும் என்பதை இந்த வாரம் பார்ப்போம். படிவம் மூன்றில் படித்த கணிதமே இதற்குப் போதும்.

காட்டின் உயரம் எதற்கு?

மரம் காற்றிலுள்ள கரிவளியை உறிஞ்சி, அதிலுள்ள கார்பனைத் தன் உடலில் சேர்த்து வைக்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன்தான். மரத்தின் உயரமும் தடிமனும் தெரிந்தால் எடையைக் கணக்கிடலாம். எடை தெரிந்தால் கார்பன் தெரியும். ஒரு நாட்டின் காடு எவ்வளவு கார்பனைக் காத்து வைத்திருக்கிறது, எந்தக் காடு நலிந்து வருகிறது, எது மீண்டு வளர்கிறது என்பதையெல்லாம் அறிய உயரம் ஒரு முக்கியமான அளவு.

காட்டுக்குள் நேரில் போய் அளப்பது எளிதல்ல. ஜொகூரின் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா போன்ற அடர்ந்த மழைக்காட்டில் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மரத்தின் உச்சி கண்ணுக்கே தெரியாது. நடுவில் எத்தனையோ அடுக்கு இலைகள் மறைக்கும். அதனால்தான் மேலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி அளக்கும் 'லைடார்' முறை வந்தது. சபாவின் டானும் பள்ளத்தாக்கில் 'மெனாரா' என்று பெயர் சூட்டப்பட்ட மஞ்சள் மெராந்தி மரத்தை ஆய்வாளர்கள் முதலில் விமான லைடார் படத்தில்தான் கண்டுபிடித்தார்கள். 2019 ஜனவரியில் உள்ளூர் மரமேறி ஒருவர் அளவுநாடாவோடு உச்சிவரை ஏறி, உயரம் 100.8 மீட்டர் என்று உறுதிசெய்தார்.

விமானத்தை வைத்து உலகக் காடுகள் முழுவதையும் அளக்கப் பணமும் போதாது, காலமும் போதாது. ஆகவே லேசரை விண்வெளிக்கே கொண்டுபோனார்கள்.

விண்வெளி நிலையத்தில் ஒரு லேசர்

நாசாவும் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய கருவி 'ஜெடாய்'. அதன் முழுப்பெயரைத் தமிழில் சொன்னால் 'உலகச் சூழல்மண்டல இயக்க ஆய்வு' எனலாம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் வீரர்களின் பெயர்போல ஒலிக்கும். 2018 டிசம்பர் 5ஆம் நாள் விண்ணுக்குச் சென்ற இக்கருவி, அனைத்துலக விண்வெளி நிலையத்தில் ஜப்பானின் 'கீபோ' ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பொருத்தப்பட்டது. 2019 ஏப்ரலில் தரவு சேகரிக்கத் தொடங்கியது. 2023 மார்ச்சில் சிறிது காலம் எடுத்து வைக்கப்பட்டு, 2024இல் மறுபடியும் பணிக்குத் திரும்பியது.

இதில் மூன்று லேசர்கள் உண்டு. ஒவ்வொன்றும் வினாடிக்கு 242 முறை ஒளித்துடிப்பைத் தரையை நோக்கி அனுப்பும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அது. இலைகள் அதை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஒவ்வொரு துடிப்பும் தரையைத் தொடும்போது ஏறத்தாழ 25 மீட்டர் விட்டமுள்ள வட்டமாக விரிந்திருக்கும். அந்த வட்டத்தை 'ஒளித்தடம்' என்போம். நிலையம் செல்லும் திசையில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடையே 60 மீட்டர். பக்கவாட்டில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே 600 மீட்டர்.

அப்படியானால் ஜெடாய் தரை முழுவதையும் படம்பிடிப்பதில்லை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதுபோல அங்கங்கே தொட்டுப் பார்க்கிறது. திட்டமிட்ட ஈராண்டுப் பணியில்கூட உலக நிலப்பரப்பில் சுமார் 4 விழுக்காட்டைத்தான் அது நேரடியாகத் தொடும் என்று கணக்கிட்டிருந்தார்கள். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க விண்வெளி நிலையத்தின் பாதைகள் இன்னும் விலகி விலகி அமையும். ஜொகூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், வடக்கே 1 முதல் 3 பாகைக்குள் இருக்கிறது. போதாக்குறைக்கு நம் வானில் மேகம் அதிகம். ஆகவே நம் காட்டின்மேல் விழும் நல்ல ஒளித்தடம் ஒவ்வொன்றும் அரிய சோற்றுப் பருக்கைதான்.

ஒளியைக் கொண்டு உயரம் அளப்பது

குகைக்குள் கூவினால் எதிரொலி வருகிறது. எதிரொலி வர எடுத்த நேரத்தைக் கொண்டு பாறை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். லைடார் அதையே ஒளியைக் கொண்டு செய்கிறது.

ஒளி ஒரு நானோ வினாடியில், அதாவது ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 சென்டிமீட்டர் பயணம் செய்யும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால், ஒரு நானோ வினாடித் தாமதம் 15 சென்டிமீட்டர் தொலைவுக்குச் சமம்.

ஒளித்துடிப்பு காட்டின்மேல் விழுந்ததும் முதலில் உச்சி இலைகளில் பட்டு ஒரு பகுதி திரும்பும். மீதி உள்ளே நுழைந்து நடு அடுக்குக் கிளைகளில் பட்டுத் திரும்பும். இலை இடுக்குகளில் தப்பிய கொஞ்ச ஒளி கடைசியாகத் தரையில் பட்டுத் திரும்பும். திரும்பி வரும் ஒளியின் வலிமையை நேரவாரியாக வரைந்தால் மேடு பள்ளமான ஒரு கோடு கிடைக்கும். அதற்கு 'அலைவடிவம்' என்று பெயர். அதன் தொடக்கம் மர உச்சி. கடைசி மேடு தரை.

ஒரு கணக்கு: உச்சி எதிரொளிக்கும் தரை எதிரொளிக்கும் இடையே 280 நானோ வினாடி என்றால் மரத்தின் உயரம் என்ன? 280 × 0.15 = 42 மீட்டர். அவ்வளவுதான்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உயரம் என்பது உச்சிக்கும் தரைக்கும் உள்ள வேறுபாடு. இரண்டில் ஒன்றைத் தவறாக அடையாளம் கண்டாலும் விடை தவறிவிடும். இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

முகவரி எங்கே தவறுகிறது?

உயரம் கிடைத்தது. அது எந்த இடத்தின் உயரம்? இதைச் சொல்ல நான்கு செய்திகள் வேண்டும். அந்த நொடியில் நிலையம் எங்கே இருந்தது? லேசர் எந்தத் திசையை நோக்கியிருந்தது? துடிப்பு எந்த நேரத்தில் புறப்பட்டது? தரை எவ்வளவு தொலைவில் இருந்தது? நிலையத்தின் இருப்பிடத்தை ஜிபிஎஸ் சொல்லும். திசையை, விண்மீன்களைப் படம்பிடித்து ஒப்பிடும் 'விண்மீன் நோக்கிகள்' சொல்லும். நேரத்தைக் கடிகாரமும், தொலைவை எதிரொளியும் சொல்லும்.

இவற்றில் ஒன்று சற்றே பிசகினாலும் என்ன ஆகும் என்று கணக்கிடுவோம்.

நிலையம் வினாடிக்கு ஏறத்தாழ 7.66 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. கடிகாரம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் நிலையத்தின் இருப்பிடம் 7.66 மீட்டர் தவறிவிடும். இன்னொரு வேடிக்கை: ஒளி 400 கிலோமீட்டர் கீழே போய்த் திரும்ப 0.00267 வினாடி ஆகும். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நிலையம் 20 மீட்டர் நகர்ந்துவிடும்!

திசைப் பிழை இதைவிட நுட்பமானது. 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி விழ, லேசர் எவ்வளவு சாய வேண்டும்? 10 ÷ 400,000 = 1/40,000. இதை நம் பள்ளித் திடலுக்குக் கொண்டுவருவோம். 100 மீட்டர் ஓட்டப் பாதையின் ஒரு முனையில் நின்று மறுமுனையிலுள்ள புள்ளியைக் குறிபார்க்கிறீர்கள். 100 மீட்டரை 40,000ஆல் வகுத்தால் 2.5 மில்லிமீட்டர். ஓர் அரிசியின் அகலத்தைவிடச் சற்றே கூடுதல். அவ்வளவு தவறினாலே தரையில் 10 மீட்டர் பிசகு!

அதுவும் அசையாத மேடையிலிருந்து குறிபார்க்கவில்லை. விண்வெளி நிலையத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள். பெரிய சூரியத் தகடுகள் சுழல்கின்றன. சரக்குக் கலங்கள் வந்து இணைகின்றன. அந்தப் பெருங்கட்டமைப்பு மெல்ல அதிர்ந்துகொண்டும் வளைந்துகொண்டும் இருக்கும். இத்தனைக்கும் நடுவே ஜெடாய் தரவின் இரண்டாம் பதிப்பில் இடப்பிழை சராசரியாகச் சுமார் 10 மீட்டர்தான். 2021இல் அப்பதிப்பு வெளிவரும் முன்பு, முதல் பதிப்பில் பிழை இதைவிடக் கூடுதலாக இருந்தது. கணக்கிடும் முறையைத் திருத்தியதாலேயே பழைய தரவின் முகவரிகளும் மேம்பட்டன என்பது கவனிக்கத்தக்கது.

பத்து மீட்டர் என்ன செய்யும்?

25 மீட்டர் விட்டமுள்ள இரண்டு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றை 10 மீட்டர் நகர்த்துங்கள். இரண்டும் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று படியும்? கணக்கிட்டால் ஏறத்தாழ 50 விழுக்காடு. அதாவது, அட்டவணை சொல்லும் வட்டத்தில் பாதியைத்தான் கருவி உண்மையில் பார்த்திருக்கிறது; மறுபாதி பக்கத்து நிலம். 20 மீட்டர் நகர்ந்தால் ஒன்றும் பாதிதானே என்று நினைக்காதீர்கள். அப்போது பொதுப்பகுதி வெறும் 10 விழுக்காடு. கிட்டத்தட்ட வேறு இடத்தையே அளந்ததாகிவிடும்.

ஆனால் எல்லா இடத்திலும் இந்தப் பிழை ஒரே மாதிரி வலிப்பதில்லை. ஜொகூரிலேயே நான்கு இடங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பெரிய செம்பனைத் தோட்டத்தின் நடுப்பகுதி. பனைகளை முக்கோண வடிவில் 9 மீட்டர் இடைவெளியில் நட்டால், ஒரு பனைக்கு 70 சதுர மீட்டர் நிலம். ஓர் ஒளித்தடத்தின் பரப்பு 491 சதுர மீட்டர். ஆக, ஒரு தடத்துக்குள் ஏழு பனைகள் இருக்கும். 10 மீட்டர் தள்ளினாலும் அதே வயது, அதே உயரமுள்ள வேறு ஏழு பனைகள்! உயரம் மாறாது. இங்கே இடப்பிழை இருந்தும் தீங்கில்லை.

இரண்டாவது, காடும் தோட்டமும் சந்திக்கும் எல்லை. இங்கேதான் நம் 38 மீட்டர் மரம் பிறந்தது. உயரத்தைத் தீர்மானிப்பது தடத்திலுள்ள மிக உயர்ந்த எதிரொளி என்பதால், வட்டத்தின் ஓரம் ஒரு பெருமரத்தின் கிளையைத் தொட்டால்கூடப் போதும். வட்டம் முழுவதற்கும் அந்த உயரம் எழுதப்பட்டுவிடும்.

மூன்றாவது, மலைச்சரிவு. தங்காக் பக்கம் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் லேடாங் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். 30 பாகை சரிவில் 10 மீட்டர் தள்ளிப்போனால் தரை மட்டமே 5.8 மீட்டர் மாறிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தச் சரிவில் 25 மீட்டர் வட்டத்தின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் 14 மீட்டர் உயர வேறுபாடு. அங்கே ஒரு மரம்கூட இல்லாவிட்டாலும், தரை எதிரொளி 14 மீட்டருக்குப் பரவி வந்து மரம்போலத் தோற்றம் காட்டும்.

நான்காவது, கடலோரச் சதுப்புநிலக் காடு. தஞ்சோங் பியாய், கூக்கூப் தீவு, சுங்கை பூலாய் ஆகிய மூன்றும் 2003 ஜனவரி 31 முதல் ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலங்கள். அங்கே ஓதம் ஏறியிருக்கும் வேளையில் ஒளி சேற்றைத் தொடாது. நீர்மட்டத்தையே தரையாகக் காட்டும். இரண்டு மீட்டர் நீர் ஏறியிருந்தால் மரம் இரண்டு மீட்டர் குட்டையாகப் பதிவாகும். இங்கே பிழை இடத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

இதிலிருந்து தெரிவது: "பிழை 10 மீட்டர்" என்ற எண்ணை மட்டும் கேட்டு ஒரு தரவை நல்லது, கெட்டது என்று சொல்லிவிட முடியாது. அந்த 10 மீட்டருக்குள் நிலம் எவ்வளவு மாறுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சல்லடை போடுதல்

விண்வெளியிலிருந்து வரும் தரவில் பழுதானவை நிறைய இருக்கும். அரிசியைச் சலித்துக் கல்லும் குருணையும் நீக்குவதுபோல இதையும் சலிக்க வேண்டும். இதற்கு உதவியாக ஒவ்வொரு ஒளித்தடத்தின் பக்கத்திலும் சில 'தரக்குறிகள்' எழுதப்பட்டிருக்கும்.

மேகம்: ஒளி மேகத்தில் பட்டே திரும்பிவிட்டால் 'தரை' உண்மையான தரைக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் மேலே தெரியும். ஏற்கெனவே உள்ள நிலமட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டால் இதை எளிதில் கண்டுபிடித்து நீக்கிவிடலாம்.

திசைக்குறி: விண்மீன் நோக்கியோ ஜிபிஎஸ்ஸோ சரியாக வேலை செய்யாத நேரங்களில் எடுத்த தரவுக்குத் தனிக்குறி போட்டிருப்பார்கள். அவற்றின் முகவரியை நம்ப முடியாது.

பகலா இரவா: பகலில் தரையில் பட்டுவரும் சூரிய ஒளியும் கருவிக்குள் நுழைந்து இரைச்சலை உண்டாக்கும். இரவில் எடுத்த அளவுகள் தெளிவாக இருக்கும். பட்டிமன்றக் கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவர் மெல்லப் பேசுவதைக் கேட்பதற்கும், அமைதியான அறையில் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு.

கதிரின் வலிமை: மூன்று லேசர்களில் ஒன்றை இரண்டாகப் பிரித்து அனுப்புகிறார்கள். பிரிந்த கதிர்கள் வலிமை குறைந்தவை. அடர்காட்டைத் துளைத்துத் தரையை எட்டச் சிரமப்படும்.

உணர்திறன்: இதுதான் மழைக்காட்டுக்கு மிக முக்கியமான குறி. உணர்திறன் 0.95 என்றால், மேலே இலைகள் 95 விழுக்காடு மூடியிருந்தாலும் இந்தத் துடிப்பால் தரையைக் கண்டறிய முடியும் என்று பொருள். காடு 98 விழுக்காடு மூடியிருந்தால்? தரை எதிரொளி இரைச்சலில் மறைந்துபோகும். கணினி நிரல், நடுவில் உள்ள ஒரு கிளையடுக்கையே தரை என்று நினைத்துவிடும். 45 மீட்டர் மரம் 25 மீட்டராகப் பதிவாகும். அதனால்தான் வெப்பமண்டல அடர்காடுகளுக்கு 0.95, சில கணக்குகளுக்கு 0.98 என்று உயர்ந்த வரம்பு வைக்கிறார்கள். திறந்த நிலங்களுக்கு 0.9 போதும்.

சல்லடைக்கும் ஒரு விலை உண்டு

அப்படியானால் மிகக் கடுமையான சல்லடையே நல்லது என்று தோன்றும். இரவுத் தரவு மட்டும், வலிமையான கதிர் மட்டும், சரிவே இல்லாத நிலம் மட்டும், எல்லையிலிருந்து விலகிய தடம் மட்டும் என்று சலித்தால் மிஞ்சுவது சொக்கத் தங்கம்தானே?

பழைய ரப்பர் தோட்டத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. தோட்டத்தின் சராசரிப் பால் அளவைக் கணக்கிட வருபவர், நடக்க எளிது என்று ரோட்டோர நிரைகளை மட்டும் அளந்து போகிறார். மேட்டு நிரையிலும் பள்ளத்து நிரையிலும் உள்ள மரங்கள் கணக்கிலேயே வரவில்லை. அவர் எடுத்த ஒவ்வோர் அளவும் துல்லியம். ஆனால் அவர் சொல்லும் சராசரி அந்தத் தோட்டத்தின் சராசரி அல்ல. ரோட்டோரத்தின் சராசரி.

காட்டிலும் இதே கதைதான். பயிற்சிக்காக ஒரு கணக்கு: ஒரு காட்டில் 10 ஒளித்தடங்கள். சமதரையில் 6, அவற்றின் உயரம் தலா 30 மீட்டர். சரிவில் 4; அவை தலா 40 மீட்டர். உண்மையான சராசரி (180 + 160) ÷ 10 = 34 மீட்டர். "சரிவான இடத்தின் தரவு வேண்டாம்" என்று சல்லடை போட்டால் சரிவில் உள்ள நான்கும் போய்விடும். மிஞ்சிய ஆறின் சராசரி 30 மீட்டர். பழுதான தரவை நீக்கியதால் விடையே 4 மீட்டர் பழுதாகிவிட்டது!

தீபகற்ப மலேசியாவில் சமதரைக் காடுகள் பெரும்பாலும் தோட்டங்களாகவும் ஊர்களாகவும் மாறிவிட்டன. மிஞ்சியிருக்கும் காடுகளில் பெரும்பகுதி மேட்டிலும் மலையிலும்தான். மேகமும் மலையுச்சிகளில்தான் அதிகம் தங்கும். ஆகவே மேகச் சல்லடையும் சரிவுச் சல்லடையும் சேர்ந்து, நாம் எதை அறிய வேண்டுமோ அந்தக் காட்டையே கணக்கிலிருந்து தள்ளிவிடக்கூடும்.

எல்லைச் சல்லடையைப் பாருங்கள். எல்லையோரக் குழப்பத்தைத் தவிர்க்க, எல்லையிலிருந்து 22.5 மீட்டருக்குள் மையம் உள்ள தடங்களை நீக்கலாம் என்கிறோம். வட்டத்தின் ஆரம் 12.5; இடப்பிழை 10; இரண்டும் சேர்ந்து 22.5. நியாயமான விதிதான். இப்போது இரு தோட்டங்களுக்கு இடையே ஓடும் ஆற்றங்கரையில் 40 மீட்டர் அகலத்துக்கு மரங்களை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டப் பக்கம் 22.5 மீட்டர், ஆற்றுப் பக்கம் 22.5 மீட்டர், மொத்தம் 45. மரப்பட்டையின் அகலமோ 40! அந்தக் கரைக்காட்டில் ஓர் ஒளித்தடம்கூட மிஞ்சாது. வரைபடத்தில் அங்கே காடே அளக்கப்படாமல் போகும்.

இது வெறும் கணக்கு விளையாட்டல்ல. தீபகற்ப மலேசியாவில் துண்டுபட்டுக் கிடக்கும் காடுகளை மீண்டும் இணைக்க 'மத்திய வன முதுகெலும்பு' என்ற திட்டம் இருக்கிறது. எண்டாவ் ரொம்பின் காடுகளும் குளுவாங் வனவிலங்குக் காப்பகமும் அதில் ஒரு தொகுதி. யானையும் புலியும் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போவது இத்தகைய ஒடுங்கிய இணைப்புகள் வழியாகத்தான். ஒடுங்கிய காடுகளைச் சல்லடை விழுங்கிவிட்டால், அவை வளர்கின்றனவா அழிகின்றனவா என்பது தரவில் தெரியாது.

அப்படியானால் என்ன செய்வது?

முதல் வழி, நகர்த்திப் பொருத்துவது. ஒரே பாதையில் அடுத்தடுத்து விழும் தடங்களின் இடப்பிழை பெரும்பாலும் ஒரே திசையில், ஒரே அளவில் இருக்கும். காரணம், லேசரின் சாய்வு நொடிக்கு நொடி தாறுமாறாக மாறுவதில்லை. விமான லைடார் மூலம் துல்லியமாக அளந்த நிலப்பகுதி ஒன்று கீழே இருந்தால், தட வரிசை முழுவதையும் கணினியில் ஒவ்வொரு மீட்டராக நகர்த்திப் பார்க்கலாம். கிழிந்த துணியின் இரு பாதிகளைக் கரை பொருந்தும்வரை நகர்த்துவதுபோல! எந்த இடத்தில் உயரங்கள் மிக நன்றாகப் பொருந்துகின்றனவோ அதுதான் உண்மையான முகவரி.

இரண்டாவது வழி, தனித்தனித் தடங்களை நம்பாமல் பல தடங்களின் சராசரியைப் பயன்படுத்துவது. பிழைகள் வெவ்வேறு திசைகளில் சிதறியிருந்தால் சராசரியில் அவை ஒன்றையொன்று ஈடுகட்டும். ஆனால் ஒரே ஒரு பாதையின் தடங்களை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால் பயனில்லை. எல்லாம் ஒரே பக்கம் தள்ளியிருந்தால் சராசரியும் அதே பக்கம்தான் தள்ளியிருக்கும். வெவ்வேறு நாளில் கடந்த பாதைகள் வேண்டும்.

மூன்றாவது வழி, கேள்விக்கேற்ற சல்லடையைத் தேர்ந்தெடுப்பது. தோட்டத்தின் நடுவே பனைகளின் வளர்ச்சியை அறிய இடப்பிழையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எல்லைப் பகுதியில் கவலைப்பட வேண்டும். அடர்காட்டில் உணர்திறனைக் கூட்ட வேண்டும். சதுப்புநிலக் காட்டில் ஓத நேரத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லா நிலத்துக்கும் ஒரே சல்லடை பொருந்தாது.

நான்காவது வழி எளிமையானது. ஆனால் பலரும் மறப்பது. சல்லடைக்குப் பிறகு கையில் மிஞ்சியதை மட்டும் பார்க்காமல், கீழே விழுந்ததையும் அள்ளிப் பாருங்கள். விழுந்தவை எங்கே இருந்தவை? அவற்றில் மலைக்காடு எத்தனை, கரைக்காடு எத்தனை? எல்லா வகை நிலத்திலிருந்தும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் விழுந்திருந்தால் கவலை குறைவு. ஒரே வகைக் காடு மட்டும் கொத்தாக விழுந்திருந்தால், வரும் விடை ஜொகூரின் காடுகளைப் பற்றியது அல்ல. சல்லடையில் தங்கிய காடுகளைப் பற்றியது மட்டுமே. அறிக்கையில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பள்ளியில் செய்து பாருங்கள்

தேவை: 12.5 மீட்டர் நீளக் கயிறு, ஒரு குச்சி, அளவுநாடா, குறிப்பேடு.

பள்ளி வளாகத்தில் மரங்களும் திறந்த வெளியும் சேர்ந்த ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் குச்சியை ஊன்றி, கயிற்றைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். இதுவே ஜெடாயின் ஓர் ஒளித்தடம். வட்டத்துக்குள் உள்ள மரங்களை எண்ணி, மிக உயரமானதன் உயரத்தைக் கோணமானி கொண்டு கணக்கிட்டு எழுதுங்கள். பிறகு குச்சியை வடக்கே 10 மீட்டர் நகர்த்தி, மறுபடியும் வட்டம் போட்டு எண்ணுங்கள். அதேபோல் முதல் இடத்திலிருந்து கிழக்கு, தெற்கு, மேற்கு. மொத்தம் ஐந்து வட்டங்கள். இதையே திடலின் நடுவிலும் செய்து பாருங்கள்.

பிறகு இந்த மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. மரங்கள் உள்ள இடத்தில் ஐந்து உயரங்களும் எவ்வளவு வேறுபடுகின்றன? திடலின் நடுவில் எவ்வளவு? ஒரே 10 மீட்டர் ஏன் இரு இடங்களில் இருவேறு விளைவைத் தருகிறது?

2. ஒரு லேசர் ஒரு வினாடியில் 242 முறை சுடுகிறது. அந்தத் துடிப்புகள் இரண்டு வரிசைகளுக்கு மாறி மாறிச் செல்கின்றன. நிலையத்தின் நிழற்புள்ளி தரையில் வினாடிக்கு 7.2 கிலோமீட்டர் நகர்கிறது என்றால், ஒரு வரிசையில் அடுத்தடுத்த இரு தடங்களுக்கு இடையே எத்தனை மீட்டர்?

3. ஆற்றங்கரை மரப்பட்டையின் அகலம் 50 மீட்டராக இருந்தால், 22.5 மீட்டர் எல்லை விதிக்குப் பிறகு தடங்களின் மையம் விழக்கூடிய அகலம் எவ்வளவு மிஞ்சும்? இடப்பிழையை 10இலிருந்து 5 மீட்டராகக் குறைத்தால் 40 மீட்டர் மரப்பட்டையில் எவ்வளவு மிஞ்சும்?

விடைகள்: இரண்டாம் கேள்விக்கு 7,200 ÷ 121, ஏறத்தாழ 60 மீட்டர். மூன்றாம் கேள்விக்கு 50 − 45 = 5 மீட்டர்; இடப்பிழை 5 ஆனால் விதி 17.5 மீட்டராகும், ஆகவே 40 − 35 = 5 மீட்டர். முன்பு முற்றிலும் மறைந்துபோன கரைக்காடு இப்போது ஐந்து மீட்டர் அகலத்துக்காவது கண்ணில் படுகிறது. முதல் கேள்விக்கான விடை உங்கள் பள்ளி வளாகத்தில் இருக்கிறது.